நாற்பது வினாடித் தீர்க்கதரிசி

முந்திச்சொல்லி என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. விலங்கியல் புத்தகத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. கல்யாண வீட்டில் இலை போடுவதற்கு முன்பே சமையல்கட்டை ஒரு நோட்டம் விட்டு வந்து, “பாயாசம் அடிப்பிடிச்சிருச்சாம்” என்று கை கழுவ நிற்பவர்களிடம் அறிவிப்பது இந்த இனந்தான். பரீட்சை முடிவு இணையத்தில் வந்த நிமிடமே எங்கிருந்தோ சுட்டெண்ணைப் பிடித்து, எழுதிய பிள்ளை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, கணக்குப் பாடத்தில் பிள்ளை கோட்டை விட்டதைத் தாய்க்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு “கவலைப்படாதீங்க” என்று ஆறுதலும் சேர்த்துத் தருவது இந்த இனந்தான். மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் பேசி முடிப்பதற்குள் அவர்களுடைய சம்மதத்தைப் பெண் வீட்டுக்குத் தெரிவிப்பதும் இதுவே. நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்ற பேதமெல்லாம் கிடையாது. முதலில் சொன்னது யார்? அது ஒன்றுதான் அதற்கு முக்கியம்.

நடுவில் இந்த இனத்துக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது. ஊருக்கே ஒரே நொடியில் எல்லாம் தெரிந்துவிட்டால் முந்திச்சொல்லி யாரிடம் போய் எதைச் சொல்வது? இத்தோடு பூண்டற்றுப் போகும் என்றுதான் நானும் நினைத்தேன். அட, லேசில் போகிற இனமா அது?

கண்டியிலிருந்து அம்பிட்டியப் பக்கம் ஏறும் பாதையில் ஒரு வளைவு, அந்த வளைவில் ஒரு த்ரீவீலர் ஸ்டாண்ட், அதற்கு மேலே நாற்பத்து மூன்று படி ஏறினால் ஒரு மஞ்சள் வீடு. அங்கேதான் ஜெயராஜ் இருக்கிறார். வயது ஐம்பத்தெட்டு. குண்டசாலைப் பக்கம் ஒரு கார்மண்ட்ஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். மனைவி பிரேமிளா. மகன் வெளிநாட்டில். சாதுவான மனிதர், கடன் வாங்க மாட்டார், குடிக்க மாட்டார், நாலு பேர் வீட்டுக்கு வந்தால் மட்டும் முகம் பூத்துவிடும்.

தொண்ணூற்றாறில் நாம் கிரிக்கெட் உலகக் கிண்ணம் எடுத்த அன்று, அந்தச் சரிவிலேயே கலர் டீவி இருந்தது இவர் வீட்டில் மட்டுந்தான். முன்னறையில் இருபத்தேழு பேர். அந்த எண்ணிக்கையை அவர் இன்றுவரை மறக்கவில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு டீவி வந்தது, பிறகு அறைக்கு அறை வந்தது, பிறகு ஆளுக்கு ஆள் உள்ளங்கையிலேயே வந்துவிட்டது. ஜெயராஜின் முன்னறையில் மிஞ்சியது ஐந்து கதிரையும் ஒரு ரிமோட்டும் அவரும். ஒரு நாள் மேட்சில் நம்முடைய பையன் ஒருவன் பாய்ந்து ஒரு கேட்ச் பிடித்தான். ஜெயராஜ் துள்ளி எழுந்து கைதட்டினார். தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. தான் தட்டிய சத்தம் தனக்கே கேட்டு, கையை மெதுவாக இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேலி பண்ண வந்த எனக்கே அந்த இடத்தில் மனசு கேட்கவில்லை. இந்த முன்னறை மறுபடி நிறைய வேண்டும் என்று அன்றைக்கு அவர் முடிவெடுத்தார்.

வந்திருந்த வெளிநாட்டு அணியோடு நடந்த தொடரைச் சாதாரண டீவியில் காட்ட மாட்டார்களாம். ஒரு ஆப்புக்குச் சந்தா கட்டினால்தான் பார்க்கலாமாம். நல்லதாகப் போயிற்று! சுவரளவுக்கு ஒரு டீவி, ஃபைபர் இணைப்பு, முழுத் தொடருக்கும் சந்தா என்று ஜெயராஜ் ஒரே மூச்சில் இறங்கினார். “சுவத்தில டீவிய மாட்டுனீங்களா, டீவியில சுவத்த மாட்டுனீங்களா?” என்று பிரேமிளா கேட்டுவிட்டு, வடைக்குப் பருப்பு ஊறப்போடப் போனார். ஜெயராஜ் வீடு வீடாகப் போய் அழைத்தார். “ஞாயித்துக்கிழமை வாங்க, சும்மா வாங்க, வந்து உக்காருங்க, அம்புட்டுத்தான்.”

வந்தார்கள். ஐந்து பேர். கண்டி டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் கீழ்வீட்டு ஜமால்தீன் நானா, யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து மேல்வீட்டில் வாடகைக்கு இருக்கும் வங்கி உத்தியோகத்தர் நிரஞ்சன், இன்னும் மூவர். வந்தவர்கள் பெரிய டீவியை ஒரு முறை பார்த்து “ஆகா” என்றார்கள். பிறகு தலையைக் குனிந்து ஆளுக்கொரு போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஜெயராஜ் டீவியின் சத்தத்தைக் கூட்டினார். ஒருவரும் நிமிரவில்லை. வடை வந்தபோது மட்டும் நிமிர்ந்தார்கள்.

அப்போதுதான் கீழே ஸ்டாண்டிலிருந்து “ஹே!” என்று ஒரு கூச்சல் எழும்பியது. ஜெயராஜ் டீவியைப் பார்த்தார். அங்கே பந்துவீச்சாளர் சாவகாசமாகக் கால்சட்டையில் பந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஓடி வந்தார். போட்டார். விக்கெட்! ஜெயராஜின் மூளையில் ஏதோ சொடுக்கியது. ஸ்டாண்டில் ரேடியோ வைத்திருக்கிறார்கள். ரேடியோக்காரன் மைதானத்தில் உட்கார்ந்து கண்டதைக் கண்டவுடன் சொல்கிறான். நம்ம டீவியிலோ, பல்லேகல மைதானத்தில் அடித்த பந்து வானத்துக்கு ஏறி, எந்த நாட்டிலேயோ இறங்கி, கடலுக்கடியால் வந்து, அம்பிட்டிய மலையேறி, முன்னறைக்குள் நுழைய நாற்பது வினாடி பிடிக்கிறது. பஸ்ஸில் போனால் முக்கால் மணி நேரத்தில் மைதானத்தையே பார்த்துவிடலாம். ஆனால் பல்லேகலவுக்குப் போனால் ஜெயராஜ் ஆயிரத்தில் ஒருவர். இங்கே?

அடுத்த கூச்சல் கேட்டதும் அவர் தாடையைத் தடவிக்கொண்டு, “எனக்கென்னவோ தோணுது… இப்ப ஒன்னு விழும் பாருங்க” என்றார்.

விழுந்தது. ஐந்து தலையும் போனிலிருந்து நிமிர்ந்தன. ஐந்து முகமும் டீவியைப் பார்க்காமல் ஜெயராஜைப் பார்த்தன. பெருமாளே! அந்த ஒரு பார்வைக்காக அவர் ஏழு டீவி வாங்குவார்.

அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. அடுத்த ஞாயிறு முதல் வாசலில், செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பிரம்புக் கூடை. “போனை இதுல போட்டுட்டு வாங்க. மேட்ச் பாக்குற எடத்துல போன் எதுக்கு? அந்தக் காலத்துல நாம எல்லாம் போனைப் பாத்தா கைதட்டினோம்?” நியாயமான பேச்சுதானே என்று எல்லாரும் போட்டார்கள். ஜன்னல்கள் மூடப்பட்டன, கொசு வருகிறதாம். நுவரெலியாவில் வாங்கிய கம்பளிக் குல்லா ஒன்று ஜெயராஜின் தலையில் ஏறிக் காதை மூடியது, மழைக் குளிராம். வியர்வை கன்னத்தால் வழிய வழியக் குளிர் என்று சொன்ன முதல் மனிதர் கண்டி மாவட்டத்திலேயே அவர்தான். குல்லாவுக்குள் வலது காதில் ஒரு குமிழ், அதிலிருந்து ஒரு வயர் சட்டைக்குள்ளால் இறங்கி, உள்பையில் இருந்த கையகல ரேடியோவில் முடிந்தது.

கலை என்றால் கலை! எல்லாப் பந்துக்கும் சொல்ல மாட்டார், மலிந்துவிடும் அல்லவா? நாலு ஓவருக்கு ஒரு முறை கண்ணை மூடுவார். நெற்றியில் விரலை வைப்பார். “உள்மனசு ஒன்னு சொல்லுது” என்பார். சில நேரம் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல்லி, “மனுசன்தானே நானும்” என்று அடக்கமாகச் சிரிப்பார். அந்தத் தப்புக்குப் பிறகு அவர் மேல் இருந்த மரியாதை இரட்டிப்பாயிற்று. “பந்தைப் பாக்கக் கூடாது தம்பி, போடுறவன் தோளைப் பாக்கணும்” என்று நிரஞ்சனுக்குப் பாடமும் எடுத்தார். நிரஞ்சன் ஒரு கொப்பி வாங்கி, திகதி, ஓவர், அண்ணை சொன்னது, நடந்தது என்று நாலு கோடு கிழித்து எழுதத் தொடங்கினார். “அண்ணை, இதுவரைக்கும் முப்பத்தொண்டில இருபத்தெட்டு சரி. என்னெண்டு இது? எனக்கு விளங்கேல்லை!”

ஐந்து பேர் ஒன்பது ஆனார்கள். ஒன்பது பதினான்கு. பிளாஸ்டிக் கதிரைகள் இரவல் வாங்கப்பட்டன. பிரேமிளா ஞாயிறு மத்தியானம் அடுப்படிக்குள் போனால் மேட்ச் முடிந்துதான் வெளியே வந்தார். இரண்டு மாதத்தில் அந்தச் சுவரளவு டீவியில் ஒரு பந்தைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை. ஜெயராஜ் அதைக் கவனித்தாரா என்று கேட்காதீர்கள். அவர் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

புகழ் வந்தால் சும்மா வருமா? ஒரு நாள் ஆட்ட இடைவேளையில் ஜமால்தீன் நானா அவரைப் படியோரம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஜெயராஜ், மகளுக்கு ஒரு மாப்பிள வந்தீக்கி. மாத்தளப் பக்கம், நல்ல குடும்பம். உங்கட உள்மனசுல என்ன தோணுதுன்டு செல்லுங்க.”

ஜெயராஜ் இதற்கு எந்த ரேடியோவைக் கேட்பார்? ஆனால் பழக்கதோஷம், கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது வினாடி காத்திருந்தார். காதுக்குள் ரேடியோ சவர்க்கார விளம்பரம் பாடியது.

“அவசரம் வேணாம் நானா.”

“அல்லாஹ்வே, எனக்கும் அதேதான் மனசுல பட்டது!” என்று நானா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு ஒரு கூத்து நடந்தது. ஜெயராஜே தன்னை நம்பத் தொடங்கிவிட்டார். ரேடியோ சொல்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தனக்குத் தோன்றுகிறது, ரேடியோ அதை உறுதிப்படுத்துகிறது, அவ்வளவுதான் என்று பஸ்ஸில் போகும்போது தனக்குத் தானே விளக்கிக்கொண்டார்.

தொடரின் கடைசி மேட்ச், ஞாயிற்றுக்கிழமைப் பகல், பல்லேகலவில். ஜெயராஜின் முன்னறையில் இருபத்தாறு பேர். இவரோடு சேர்த்தால் இருபத்தேழு! ஜமால்தீன் நானா அக்குறணையிலிருந்து மூத்த மருமகன் ஹுதைபாவையே கூட்டி வந்திருந்தார், இந்த மனிதரை ஒரு முறை காட்டத்தான். மருமகனுக்கு முன்வரிசைக் கதிரை. கூடையில் போன்கள் நிரம்பி வழிந்தன. நம்முடைய அணிக்குக் கடைசி ஓவரில், ஆறு பந்தில், பதினொரு ஓட்டம் வேண்டும். எல்லாரும் ஜெயராஜைப் பார்த்தார்கள்.

அவர் கண்ணை மூடினார், விரலை நெற்றியில் வைத்தார்.

அதே நேரம் வீட்டுக்குப் பின்னால் பலா மரத்துக் குரங்குக் கூட்டம் ஃபைபர் வயரில் தொங்கி ஊஞ்சலாடத் தொடங்கியது. கண்டியில் குடியிருப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டீவியில் பந்து, பந்துவீச்சாளரின் கையை விட்டுப் புறப்பட்டு, அந்தரத்தில் அப்படியே நின்றது. நடுவில் ஒரு வட்டம் சுழன்றது.

கண்ணை மூடியவருக்கு இது எப்படித் தெரியும்?

“மொதப் பந்து சும்மா போகும்” என்றார் ஜெயராஜ். எல்லாரும் டீவியைப் பார்த்தார்கள். வட்டம். “ரெண்டாவது… சிக்ஸர்.” வட்டம். நிரஞ்சன் பேனையை எடுத்துக்கொண்டு எதை எழுதுவது என்று தெரியாமல் விழித்தார். “மூனாவது… ஐயோ, அவுட்டு!” இதற்குள் ஜெயராஜுக்கு ஆட்டத்தின் சூடு தலைக்கேறிவிட்டது. நடக்கப்போவதைச் சொல்கிறோமா, நடந்ததைச் சொல்கிறோமா என்ற நிதானம் பறந்துவிட்டது. “தூக்கிட்டான், தூக்கிட்டான், கீழ நிக்கிறான், பிடிச்சிருவான்… விட்டுட்டான்! மடையன் விட்டுட்டான்! ஒரு ரன்! ரெண்டு பந்துல நாலு! பல்லேகலயில மழைக்கருக்கல் கூடுது! இன்னொரு ரன்! ஒரு பந்துல மூனு!” கடைசிப் பந்துக்கு அவர் வாயில் தமிழே வரவில்லை. ரேடியோக்காரர் கத்திய சிங்களத்தை அதே ராகத்தில் கத்தினார். “ஹதரே பஹரக்! ஜயக்ரஹணய!” இரண்டு கையையும் தூக்கித் துள்ளி எழுந்து, “ஃபோரு! ஜெயிச்சிட்டோம்!” என்று கண்ணைத் திறந்தார்.

டீவியில் பந்து இன்னும் அந்தரத்தில் நின்றது. இருபத்தாறு முகங்கள் அவரைப் பார்த்தன. கீழே ஸ்டாண்டில் யாரோ வெடி கொளுத்தினார்கள், மூடிய ஜன்னலுக்கூடாகவும் நன்றாகக் கேட்டது.

ஜமால்தீன் நானா எழுந்து வந்து, நோயாளியைத் தொடுவது போல அந்தக் குல்லாவை மெல்லத் தூக்கினார். காதுக்குள் குமிழ். அது இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

“அண்ணை,” என்றார் நிரஞ்சன் கொப்பியை நீட்டியபடி, “அப்ப என்ர கொப்பி? ரெண்டு மாசமா எழுதினனான்!”

“நானா, அது வந்து… ஒரு தமாஷுக்கு…”

“தமாஷா?” நானா கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. “மருமகன வேலயக் கெடுத்துக் கூட்டி வந்தேன். இந்த மனிசனுக்கு ஒரு கராமத், ஒரு அற்புத சக்தி ஈக்கின்டு சென்னேன். மகள்ட விசயத்தயும் உங்ககிட்டத்தானே கேட்டேன்? மாத்தளக்காரங்களுக்கு இன்னும் பதில் செல்லல்ல, ஜெயராஜ்.”

ஜெயராஜை வெட்கம் பிடுங்கித் தின்றது. “படம் வரும், உக்காருங்க, இப்ப வந்துரும்” என்று கெஞ்சினார். “வந்து?” என்றார் ஹுதைபா. “என்ன நடந்ததுன்டுதான் செல்லிட்டீங்களே!” கூடையில் கைகள் புகுந்தன, அவரவர் போனை அவரவர் எடுத்தார்கள், செருப்புகள் மாறிப் போயின, நாற்பத்து மூன்று படியிலும் சிரிப்பும் திட்டும் கலந்து இறங்கின. ஐந்து நிமிடத்தில் முன்னறையில் இருபத்தாறு வெறுங்கதிரைகள்.

படம் வந்தது. நின்ற இடத்திலிருந்தே. பந்து மெதுவாகப் புறப்பட்டது.

பின்கதவால் பிரேமிளா வந்தார். கையில் ஒரு நீளக் கம்பு, மூச்சு வாங்கியது. “அந்தக் கொரங்குங்க வயரைப் புடிச்சி ஊஞ்சலாடுதுங்க! வெரட்டி வெரட்டிக் கையே போச்சு. எங்க எல்லாரும்?”

“போயிட்டாங்க.”

“மேட்ச் முடிஞ்சிருச்சா?”

“இல்ல… ஓடுது.”

“முடியாமயே போயிட்டாங்களா? இதென்ன அதிசயம்!” பிரேமிளா கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, முன்வரிசையில் மருமகன் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். “எம்புட்டு வேணும்?”

“அஞ்சு பந்துல பதினொன்னு.”

“ஐயோ, அடிப்பாங்களா?”

ஜெயராஜ் வாயைத் திறந்தார். மூடினார். பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். டீவியில் பந்து உயர எழும்பிக் கூட்டத்துக்குள் விழுந்தது. “அம்மாடி!” என்று பிரேமிளா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். ஜெயராஜ் டீவியைப் பார்க்கவில்லை, பிரேமிளாவைப் பார்த்தார். மாவு காய்ந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு, அந்த முகம் அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தது. ஒருவரும் முந்திச் சொல்லாமலேயே அப்படி இருந்தது! விக்கெட் விழுந்தபோது பிரேமிளா அவர் கையைப் பிடித்தார், பிடித்த கையை விடவில்லை. கேட்ச் நழுவியபோது இருவரும் சேர்ந்தே கத்தினார்கள். ஜெயராஜ் நடிக்கவில்லை, சத்தியமாக நடிக்கவில்லை. டீவி வாங்கியது இதற்குத்தானோ என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது. பேசாதே ஜெயராஜ், பேசாதே, இன்னும் ஒரே ஒரு பந்து.

“ஒரு பந்துல மூனு,” பிரேமிளா அவர் கையை நெரித்தார். “எனக்கு நெஞ்சு படபடங்குதுங்க. என்னங்க ஆகும்?”

கேட்டுவிட்டாரே! ஜெயராஜ் உதட்டைக் கடித்தார். இன்னொரு கையால் கதிரையின் விளிம்பைப் பிடித்தார். பந்துவீச்சாளர் ஓடி வந்தார். பாதி தூரம் வந்துவிட்டார். இன்னும் நாலு எட்டு. ஜெயராஜின் விரல் தானாகவே எழும்பி நெற்றிக்குப் போனது.

“எனக்கென்னவோ தோணுது… ஃபோரு.”

பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. மைதானமே எழுந்து ஆடியது. பிரேமிளா அதைப் பார்க்கவில்லை. அவர் கண், கணவரின் கழுத்துக்கூடாகச் சட்டைக்குள் இறங்கிய வயரின் மேல் இருந்தது. பிறகு வெறுங்கதிரைகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

“இதுக்குத்தான் எல்லாரும் எந்திரிச்சுப் போனாங்களா?” என்று கேட்டுவிட்டு, பிடித்திருந்த கையை விடுவித்துக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்.

சரி, சிரித்தது போதும். ஜெயராஜை எனக்குத் தெரியும், உங்களை எனக்குத் தெரியாது. நீங்கள் அந்த இனமில்லை என்றே வைத்துக்கொள்வோம். இதைச் சோதித்துப் பார்க்க ரேடியோ வேண்டாம், குல்லாவும் வேண்டாம். இந்தப் பக்கங்களை இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் வாசித்து வாசித்து, ஒரு பந்தில் மூன்று ஓட்டம் என்ற இடத்துக்கு வந்து, நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்த்து, “அந்த மனுசன் சொல்லிடுவாரா?” என்று கேட்கும்போது, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருங்கள் பார்க்கலாம்.